ஒரே மாதத்தில் 7 கிலோ: எடை கூட்டும் பொடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வெள்ளை டப்பா ஒன்றை நீட்டினான். "அண்ணே, மூலிகைதான். ஒரே மாசத்துல ஏழு கிலோ ஏறுமாம்." கம்பெனி பெயர் இல்லை, உரிம எண் இல்லை. இருபது வயதில் இதே மாதிரி டப்பாவை நானும் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன். புரோட்டீன் பவுடர் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற பஞ்சாயத்தையெல்லாம் விடுங்கள். இந்த மாதிரி டப்பாவில் நிஜமாகவே ஆபத்தான தவறுகள் இவைதான்.

பசி எடுத்தால் சத்து என்று நினைப்பது

சைப்ரோஹெப்டடின் கலந்திருந்தாலும் பசிக்கும். அது அலர்ஜி மாத்திரை. தூக்கம் சொக்கும், பைக் ஓட்டுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது

இன்றும் எரிச்சல் வருவது இதை நினைத்துத்தான். பொடி குடித்த இரண்டு மாதத்தில் என் கன்னம் உப்பியது. "இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். கையும் காலும் அதே குச்சிதான். பெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு கிலோகூட ஏறவில்லை. யாரோ பயமுறுத்த, அன்றே டப்பாவைக் குப்பையில் போட்டேன். நாலாம் நாள் ஓயாத வாந்தி. எழுந்து நின்றவன் அப்படியே சாய்ந்தேன்.

காலை நேரக் கார்ட்டிசால் (உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு) அளவைப் பார்த்த டாக்டர், பொடியில் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்றார். அது தசையை வளர்க்காது, கரைக்கும். கொழுப்பை முகத்திலும் வயிற்றிலும் சேர்க்கும். சர்க்கரையும் பிபியும் ஏறும், எலும்பு வலுவிழக்கும். சரி, நிறுத்தியது நல்லதுதானே? இல்லை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் கார்ட்டிசால் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி தூங்கிவிடும். வரத்து நின்றதும் உடனே எழாது. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. எனக்கு டாக்டர் ஸ்டீராய்டையே கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். குப்பையில் போன டப்பா கையில் இருந்திருந்தால் அவருக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

உடம்பு ஏற ஜிம் "மாஸ்டர்" போடும் ஊசி

வேண்டாம்.

14 இலக்க எண்ணை நம்புவது

டப்பாவில் இருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உணவு உரிமம். உள்ளே மருந்து கலக்கவில்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. தம்பியின் டப்பாவில் அதுகூட இல்லை. ஐந்து வாரம் குடித்திருக்கிறான். நாளை காலை எட்டு மணிக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், டப்பாவோடு.