பயஸ், பயஸ்டு, பிரெஜுடிஷியல்: புகார்க் கடிதத்தில் இடம் மாறும் சொற்கள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, தன் மேலாளர் மேல் எழுதிய புகார்க் கடிதத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். தேதி, நேரம், சாட்சி எல்லாம் பக்காவாக இருந்தது. ஆனால் முதல் பத்தியிலேயே, அவர் பாரபட்சம் காட்டுகிறார் என்று சொல்ல, 'மை மேனேஜர் இஸ் பயஸ் அண்ட் வெரி டிஸ்கிரிமினேட்டிங்' என்று ஒரு வரி. இதில் 'பயஸ்' இலக்கணப் பிழை. 'டிஸ்கிரிமினேட்டிங்' அதைவிட மோசம், அது அந்த ஆளைப் பாராட்டுகிறது. அநியாயம் நடந்தவர் சொல் தப்பிப் போனதால் பலவீனப்படக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சிக்கல் தமிழிலிருந்து வருகிறது. பாரபட்சமான அதிகாரி, பாரபட்சமான சட்டம், பாரபட்சமான தீர்ப்பு என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் ஆளின் மனசுக்கு ஒரு சொல், செய்த செயலுக்கு ஒன்று, அதனால் வந்த கெடுதலுக்கு இன்னொன்று. எழுதும்போது இந்த மூன்றில் எதைச் சொல்ல வருகிறோம் என்று ஒரு நொடி யோசித்தாலே பாதிப் பிழை போய்விடும்.

'ஹி இஸ் பயஸ்' என்பதையே எடுத்துக்கொள்வோம். பயஸ் பெயர்ச்சொல், ஆளைச் சொல்ல பயஸ்டு வேண்டும். தமிழில் 'புகை பிடிப்பது உடல்நலத்துக்குக் கேடு' என்று பெயர்ச்சொல்லிலேயே வாக்கியத்தை முடித்துவிடலாம், அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் முடித்துவிடுகிறோம். பேச்சில் கடைசி 'டு' சரியாகக் காதில் விழாததும் ஒரு காரணம், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குவது உண்டு. பயஸ் என்றால் அடிப்படையில் சாய்வு. துணியை நூலோட்டத்துக்குக் குறுக்கே சாய்த்து வெட்டுவதையும் ஆங்கிலத்தில் பயஸ் என்றுதான் சொல்கிறார்கள், நம் தையல்காரர்கள் கிராஸ் கட் என்பது அதைத்தான். நாம் வளைந்த கோலை வைத்துக் கொடுங்கோல் என்று சொல்லவில்லையா, அதே கற்பனைதான். அப்புறம், சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விடாதீர்கள். உங்களுக்கு எதிராக என்றால் 'பயஸ்டு அகெய்ன்ஸ்ட் மீ'. 'பயஸ்டு டு மீ' என்று எழுதினால் உங்களுக்குச் சலுகை காட்டினார் என்று படிக்க இடம் இருக்கிறது.

டிஸ்கிரிமினேட் என்பதற்கு மூலப்பொருள் பிரித்தறிவது. பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டுக்குத் தன்மைகாட்டி என்று படித்தோமே, அதன் ஆங்கிலப் பெயர் டிஸ்கிரிமினன்ட், இதே வேர். அதனால் 'டிஸ்கிரிமினேட்டிங் ரீடர்' என்றால் நல்லது கெட்டது தரம் பிரிக்கத் தெரிந்த வாசகர். பாகுபாடு காட்டும் சட்டத்துக்கும் விதிக்கும் நடத்தைக்கும் டிஸ்கிரிமினேட்டரி. இலங்கையில் 1956-ல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தைப் பற்றி எழுதுகிறீர்களா, அங்கே வர வேண்டியது இந்தச் சொல்தான்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் குழப்புவது பிரெஜுடிஸ். இதன் லத்தீன் வேருக்கு முன்கூட்டியே கொடுத்த தீர்ப்பு என்று அர்த்தம். அதிலிருந்து இரண்டு கிளை பிரிந்தது. ஒன்று, விசாரிக்காமலே மனசில் முடிவு கட்டிவிடுவது, அப்படிப்பட்ட ஆள் பிரெஜுடிஸ்டு. இன்னொன்று, அதனால் ஒருவருடைய உரிமைக்கு வரும் பாதகம், அந்தப் பாதகத்தை உண்டாக்கும் விஷயம் பிரெஜுடிஷியல். வக்கீல் கடிதத்தின் மேலே 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று போடுவார்கள், பலரும் அதை 'காழ்ப்பு இல்லாமல்' என்று புரிந்துகொள்கிறார்கள். என் உரிமைக்குப் பாதகமில்லாமல் என்பதே பொருள். ஆகவே 'தி ஆபீசர் இஸ் பிரெஜுடிஷியல்' சரியில்லை. அதிகாரி பிரெஜுடிஸ்டு, அவர் போட்ட உத்தரவு உங்கள் நலனுக்கு பிரெஜுடிஷியல்.

'டீச்சர் பார்ஷியாலிட்டி பார்க்கிறார்' என்று நாம் தமிழிலேயே சொல்கிறோம். சரி, ஆனால் பார்ஷியல் என்ற சொல்லைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்தால் அர்த்தம் மாறும். 'எ பார்ஷியல் ரிப்போர்ட்' என்றால் பெரும்பாலும் முழுசாகத் தராத அறிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பார்ஷியல் டு மேங்கோஸ்' என்றாலோ மாம்பழம் என்றால் அவருக்கு உயிர்.

இன்னொரு சொல் கம்யூனல். இந்தியச் செய்திகளில் 'கம்யூனல் வயலன்ஸ்' என்றால் மதக் கலவரம். சென்னை மாகாணத்தில் இடங்களைச் சாதி, மதப் பிரிவுவாரியாக ஒதுக்கிய அரசாணையான கம்யூனல் ஜி.ஓ.வில் அந்தச் சொல்லுக்கு வகுப்புவாரி என்ற பொருள் மட்டும்தான், 1951-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது அந்த உத்தரவைத்தான், அதைத் தொடர்ந்து அரசியல் சாசனம் முதல் முறை திருத்தப்பட அதுவும் ஒரு காரணம். லண்டன்காரரிடம் போய் 'கம்யூனல் கிச்சன்' என்றால் பொதுச் சமையலறை. ஒருவர் சாதி வெறியோடு பேசினார் என்று வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது கம்யூனல் வேண்டாம், காஸ்டிஸ்ட் என்று நேராக எழுதுங்கள், நடந்ததையும் ஒரு வரியில் விளக்குங்கள்.

கெடுதலைச் சொல்லும் சொற்களில் இன்ஜூரியஸ் நம் கைக்கு முதலில் வரும், சிகரெட் பெட்டியில் பார்த்துப் பழகியது. அதன் லத்தீன் வேருக்கு அநீதி என்றே பொருள், இன்றும் அது சட்ட வாசனை அடிக்கும் சொல். சாதாரணக் கடிதத்துக்கு ஹார்ம்ஃபுல் போதும். ஹார்ம்ஃபுல், டெட்ரிமென்டல், இன்ஜூரியஸ் மூன்றுக்கும் பின்னால் 'டு' போடுங்கள், நம் நான்காம் வேற்றுமையை நினைத்து 'ஃபார்' போட்டுவிடுகிறோம். மனசைப் புண்படுத்திய பேச்சு ஹர்ட்ஃபுல். மருந்தின் தீய விளைவு அட்வெர்ஸ், ஒன்றைப் பிடிக்காத மனிதர் அவெர்ஸ். விஷத்திலும் கவனம் வேண்டும்: கடித்து விஷம் ஏற்றும் நாகம் வெனமஸ், தின்றால் ஆளைக் கொல்லும் அரளி விதை பாய்சனஸ்.

ஒன்று விட்டுப்போச்சு. விசாரணை அதிகாரி எந்தப் பக்கமும் சொந்த லாபம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று கேட்க டிஸ்இன்ட்ரஸ்டட் என்று எழுதுங்கள், அன்இன்ட்ரஸ்டட் என்றால் உங்கள் கதையைக் கேட்கவே விருப்பமில்லாதவர் என்றாகிவிடும். அந்தப் பெண்ணின் கடிதத்தில் கடைசியாக நாங்கள் திருத்தியது இதைத்தான். முதல் வரி இப்போது 'மை மேனேஜர் இஸ் பயஸ்டு அகெய்ன்ஸ்ட் மீ, அண்ட் ஹிஸ் ஷிஃப்ட் அலாட்மென்ட் இஸ் டிஸ்கிரிமினேட்டரி' என்று இருக்கிறது, அதற்குக் கீழே அவள் குறித்துவைத்த தேதிகள் அப்படியே.