வாரிசில்லாச் சொத்துக்கு வந்த மடலும் அதற்கு எழுதும் பதிலும்

கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று முடியும் பெயரோடு தென்னாப்பிரிக்காவில் மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இந்த மடல் புதிதாக இராது. உங்கள் குடும்பப் பெயரையே உடைய செல்வந்தர் ஒருவர் மனைவி மக்களோடு விமான விபத்தில் மாண்டார் என்றும், அவர் வங்கியில் விட்டுச்சென்ற பல மில்லியன் டாலருக்கு உரிமை கோர ஆளில்லை என்றும், நெருங்கிய உறவினராக நீங்கள் கையொப்பமிட்டால் 40 விழுக்காடு உங்களுக்கே என்றும் வழக்கறிஞர் ஒருவர் உருக்கமாக எழுதியிருப்பார். டர்பனில் இந்தியர் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கோவெண்டர்களே ஒருவருக்கொருவர் உறவில்லாமல் வாழ்வது அவருக்குத் தெரியாது. பதில் மடலில் நாம் வைக்கப்போகும் நகைச்சுவை முழுவதும் அந்த அறியாமையிலிருந்தே பிறக்கிறது.

நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவால் பெயர் பெற்ற இந்த மோசடியின் நோக்கம் முன்பணம் கறப்பதே. முத்திரைக் கட்டணம், வரி, வங்கிச் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். சொத்து மட்டும் வராது. கதை இவ்வளவு அபத்தமாக இருப்பதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் ஒரு விளக்கம் தந்தார். மடலை அனுப்பச் செலவு அநேகமாக இல்லை. பதில் எழுதுபவரோடு மல்லுக்கட்டத்தான் நேரம் செலவாகிறது. ஆகவே ஐயப்படக்கூடியவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிடும்படி கதையை அமைப்பது அவர்களுக்கு இலாபம். அப்படியானால், ஐயப்படும் ஒருவர் அப்பாவி வேடத்தில் உள்ளே போய் அமர்ந்துகொள்வது அவர்களுக்கு நட்டம். பதில் மடலின் வேலை திட்டுவதன்று, நேரத்தைத் தின்பது. திட்டினால் ஒரு வரியில் எல்லாம் முடிந்து, அவர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்.

எழுதத் தொடங்குமுன் இதற்கென்றே ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வந்த மடலை அதன் வழியே முன்னனுப்பக் கூடாது. உங்கள் உண்மை முகவரி அதனுள் ஒட்டிக்கொண்டே போய்விடும். செய்தியை மட்டும் நினைவில் வைத்து, புதிதாக எழுதுங்கள். உண்மைப் பெயர், ஊர், படம், அலைபேசி எண் எதுவும் வேண்டா. அலுவலகக் கணினியும் வேண்டா. அவர் அனுப்பும் இணைப்பையோ கோப்பையோ திறவாதீர்கள். மடலில் உள்ள படங்கள் தாமாகத் தோன்றும் வசதியையும் நிறுத்திவிடுங்கள், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்துணுக்கே நீங்கள் மடலைத் திறந்த செய்தியை அவருக்குச் சொல்லிவிடும். நம் நாட்டு அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாளைக் காட்டுபவை. அதை விளையாட்டுக்கும் தரலாகாது, கற்பனையாகப் புனைந்த எண்கூட யாரோ ஒருவருடையதாக இருந்துவிடலாம். நேரில் சந்திப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இத்தகைய கதைகளை நம்பி ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து, கடத்தப்பட்டுப் பிணையாக வைக்கப்பட்டவர்கள் உண்டு.

அடுத்தது வேடம். ஓய்வுபெற்ற கோயில் பொருளாளர் ஒருவரை நான் பரிந்துரைப்பேன்: பக்தியும் பணிவும் மிக்கவர், சொத்தின்மேல் ஆசையும் உள்ளவர், ஆனால் அரை ராண்டுக்கும் ரசீது இல்லாமல் கையைத் திறவாதவர். இவர் மோசடிக்காரரை ஒருபோதும் சந்தேகிக்கக் கூடாது. அவருடைய கதையை அவரைவிட அதிகமாக நம்புவதே இந்தக் கலையின் உயிர். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், அதன் போக்கு இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா, பெரியவரின் மறைவுச் செய்தி கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அவர் எங்களுக்கு எந்த வழியில் உறவு என்பது மட்டும் தெரிந்துவிட்டால் இன்னும் மனநிறைவோடு அழுவோம். அவருடைய முன்னோர் நேட்டாலுக்கு வந்த கப்பலின் பெயரையும், அந்த முன்னோருக்கு இங்கே வழங்கப்பட்ட ஒப்பந்தக்கூலி எண்ணையும் அருள்கூர்ந்து அனுப்புங்கள்.”

இந்தக் கேள்வி வெறும் குறும்பு அன்று. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 152,184 ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. கப்பல் பதிவேட்டில் தந்தை பெயர், ஊர், வயது, உடலிலுள்ள அடையாளம் எனப் பலவும் உண்டு. அவர் ஏதோ ஓர் எண்ணைப் புனைந்து அனுப்புவார். அந்த எண் எங்கள் பெரியம்மாவின் பாட்டியுடையது, இடது முழங்காலில் தழும்புள்ள அந்த முன்னோருடைய எண்ணே வேண்டும் என்று பணிவோடு திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த மடலில் இறுதிக்கடனைப் பற்றிக் கேட்கலாம். கொள்ளி வைத்தவர் யார், பதினாறாம் நாள் காரியம் முறைப்படி நடந்ததா, அன்று எத்தனை இலை போட்டார்கள், செலவை யார் ஏற்றார்கள்? “காரியம் செய்யாதவன் சொத்துக்கு மட்டும் வந்து நின்றான் என்று ஊர் பேசாதா, ஐயா?” என்று முடித்தால், டாலரைப் பற்றி எழுத வந்தவர் வாழையிலைக் கணக்கு எழுதத் தொடங்குவார்.

பிறகு சட்டம். உயில் இல்லாதவரின் சொத்து 1987ஆம் ஆண்டின் 81ஆம் எண் சட்டப்படி மணத்துணைக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் இல்லையேல் பெற்றோர், உடன்பிறந்தோர் என இரத்த உறவினருக்கும் போகிறது. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிருவாகியை நியமிப்பது உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம். நிருவாகியின் ஊதியம் கட்டண விகிதப்படி மொத்தச் சொத்தில் 3.5 விழுக்காடு, அதுவும் சொத்திலிருந்தே கழிக்கப்படும். ஆகவே நம் பொருளாளர், “3.5 விழுக்காடு பெறவேண்டிய தாங்கள் 60 விழுக்காட்டுப் பாரத்தைச் சுமப்பதை எண்ணிக் கண் கலங்குகிறேன், மாஸ்டர் அலுவலகக் கோப்பு எண்ணைத் தந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு நானே போய்த் தங்கள் தியாகத்தைப் பதிவு செய்துவிடுகிறேன்” என்று எழுதுவார்.

முன்பணக் கோரிக்கை வந்ததும் அதைச் சொத்திலேயே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாது என்பார். அப்போது கோயில் நிருவாகக் குழு தீர்மானம் போட வேண்டும். குழு கூடும் நாளில் மின்வெட்டு. அடுத்த கூட்டம் புரட்டாசியில் விழுவதால் விரதம் முடியும்வரை பணப்பேச்சு ஆகாது. விரதம் முடிந்தபின் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அவருடைய பெயர் தவறாக எழுதப்பட்டிருப்பது தெரியவரும்.

கேலி கதையின்மேல் இருக்கட்டும். எழுதியவரின் ஆங்கிலத்தையோ அவர் எந்த நாட்டவர் என்பதையோ கேலி செய்யாதீர்கள். அந்த மடல் எங்கிருந்தும் வந்திருக்கலாம். வெளிநாட்டவர்மீது வெறுப்பு மூட்டுவதற்கு இந்நாட்டில் ஆள் பஞ்சமில்லை. பணம் செலுத்தியதாகப் போலி வங்கிச் சீட்டு தயாரிப்பது குற்றமாகும் என்பதால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மிரட்டல் தொடங்கினால் மறுமொழி இன்றி நிறுத்திவிடுங்கள்.

இத்தனை நாடகத்திலும் உருப்படியாகக் கைக்கு வருவது, பணம் போடச் சொல்லி அவர் தரும் வங்கிக் கணக்கு எண்தான். அதை அந்த வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். இணையவழி மோசடி 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதால் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தெரிவித்தபின், அந்தக் கணக்கில் வங்கிக்காரர் பணம் ஏற்கவில்லை என்று பொருளாளர் மிகுந்த வருத்தத்தோடு எழுதி, ஐயாவுக்கு வேறு கணக்கு உண்டா என்று கேட்கட்டும்.