கவரிங் கம்மல் அரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பத்து வருஷமாகப் போடுகிற கம்மல், இதனாலா அரிக்கப் போகிறது?" என்று கேட்டு, சோப்பையும் ஷாம்பூவையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் கவரிங் நகையில் கலந்திருக்கக்கூடிய நிக்கல் என்ற உலோகத்தால் வரும் ஒவ்வாமையில் முதல் தவறு. வியர்வையில் கரையும் நிக்கல் அயனிகள் தோலுக்குள் இறங்கிப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, தோலின் காவல் செல்கள் அவற்றை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், எதிர்ப்பை நடத்தும் வெள்ளை அணுக்களான டி செல்களுக்குக் காட்டுகின்றன. ஒவ்வாமை இல்லாதவர்களின் ரத்தத்திலும் நிக்கலை அடையாளம் காணும் டி செல்கள் உண்டு. ஆய்வகத்தில் அந்த ரத்தத்திலிருந்து, மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் ஒழுங்குமுறை டி செல்களைப் பிரித்தெடுத்துவிட்டால், மீதமுள்ளவை நிக்கலைக் கண்டதும் பெருகத் தொடங்குகின்றன. ஆகவே பத்து ஆண்டுகள் அரிக்காமல் இருந்ததற்கு இந்த ஒழுங்குமுறைச் செல்கள் இடைவிடாமல் அடக்கி வைத்திருந்ததும் காரணமாக இருக்கலாம். காதுத்துளை புண்ணாகும்போதோ வியர்வை மிகும்போதோ அந்தச் சமநிலை குலையக்கூடும். இவ்வகைச் செல்களை 1995-இல் அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சி, 2025-இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர்.

அரிப்பு வந்ததும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று கஷாயம் தேடுவோரும் உண்டு. இங்கே தளர்ந்திருப்பது எதிர்ப்பின் கடிவாளம் என்பதால், அதை மேலும் தூண்டிவிட நினைப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் செட்டிரிசின் மாத்திரையை மட்டும் நம்புவதும் பயன் தராது. இந்த அழற்சியை நடத்துவது ஹிஸ்டமின் அல்ல, டி செல்கள்.

இவற்றைவிடப் பெரிய தவறு, "கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்கினால் சரியாகிவிடும்" என்ற எண்ணம். இதற்கு அறிவியல் சாயல் இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1946-இல் மெரில் சேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் வேதிப்பொருளைக் கினிப் பன்றிகளுக்கு முதலில் ஊட்டினார். பிறகு அதையே தோலில் தடவியபோது அவற்றுக்கு ஒவ்வாமை உண்டாகவில்லை. காது குத்துவதற்கு முன்பே பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டவர்களிடம் நிக்கல் ஒவ்வாமை குறைவாகக் காணப்பட்டதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டிலும் சகிப்பு உருவானது ஒவ்வாமை ஏற்படுவதற்கு முன்பு என்பதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வாமை ஏற்பட்டுவிட்ட தோலில் அதே உலோகத்தை மீண்டும் மீண்டும் படவிடுவது அழற்சியைத்தான் வளர்க்கும். கம்மல் தண்டில் நகப்பூச்சு தடவும் வீட்டுவைத்தியமும் பூச்சு உரியும் வரைதான்.

ஒவ்வாமைப் பொருளை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்பவர்கள் முதுகில் ஸ்டீராய்டு களிம்பு தடவிக்கொண்டு போனால் முடிவு பொய்யாகலாம். ஒட்டியதை 48 மணி நேரம் கழித்து எடுத்ததும் ஒன்றுமில்லை என்று வீடு திரும்பிவிடவும் கூடாது. ஓரிரு நாள் கழித்துத் திரும்பவும் பார்க்கும்போதுதான் சிலருக்குச் சிவப்பும் தடிப்பும் தெரிகின்றன.

புண் ஆறிவிட்டதே, கல்யாணத்துக்கு ஒரு நாள் மட்டும் பழைய கம்மலைப் போடலாம் என்பவர்களுக்கு: ஆறிய காதுமடலிலும், நிக்கலை முன்பே சந்தித்து நினைவில் வைத்திருக்கும் நினைவு டி செல்கள் தங்கியிருக்கும் என்பதால், தாலி கட்டி முடித்த மறுநாளே அதே இடம் சிவந்து நீர் கசியலாம்.