காயம் ஆறிய பிறகும் வலித்தால்: உடலையும் மனத்தையும் சேர்த்துப் பழக்குவது எப்படி

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சன்னலுக்கு வெளியே, ஈரத்துணி கோத்த மூங்கில் கழியை நீட்டிச் செருகுவது எவ்வளவு பாரமான வேலை என்பது முதுகு பிடிக்கும்வரை எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு போர்வைகளும் ஒரு ஜீன்ஸும் தொங்கிய கழியைத் தூக்கியபோது இடுப்பில் சுளீரென்று பிடித்தது. சில வாரங்களில் ஆறியிருக்க வேண்டிய அந்தத் தசைப்பிடிப்பு இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அதைவிட விநோதம், கழியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அது சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே இடுப்பு இறுகியதுதான். பார்வைக்கு எடை கிடையாது. ஆகவே அந்த வலியைத் தசை மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது. இந்த வழிகாட்டி அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 பதிப்பு அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமன்றி, வலியே ஒரு நோயாக இருக்க முடியும் என்பதை அது ஏற்கிறது.

முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி

மனத்தையும் உடலையும் சேர்த்து அணுகும் எந்தப் பயிற்சியையும், ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதிப்படுத்திய பிறகே தொடங்க வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப் போவது, கால் திடீரென வலுவிழப்பது ஆகியவற்றில் ஏதேனும் புதிதாகத் தோன்றினால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வலியோடு காய்ச்சல், காரணம் தெரியாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, விழுந்து அடிபட்டது, படுத்தாலும் புரண்டாலும் தணியாத இரவு வலி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. நெஞ்சுவலி என்றால் 995 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள்.

மற்றவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) தொடங்கலாம். சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க முடியும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை போன்றவற்றில் வலிச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வேலையிடத்தில் அடிபட்டு வலி தொடர்பவர்கள் முதலாளியிடம் தெரிவித்துப் பதிவு செய்துவிடுவது முக்கியம். இழப்பீடு கிடைக்குமா, வேலை நிலைக்குமா என்ற கவலை தீராதவரை உடல் தளர்வது கடினம் என்பதால், அந்தக் காகித வேலையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

என்னைப் பரிசோதித்த ஒரு மருத்துவர், ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, “ஒன்றும் இல்லை, எல்லாம் மன அழுத்தம்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வலி கற்பனை என்று அவர் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன், ஓராண்டு வீணாயிற்று. வலி எப்போதும் உண்மையானது. அது எங்கிருந்து தூண்டப்படுகிறது என்பதுதான் கேள்வி.

தேய்மானம் என்ற சொல்

நம்மவர்களிடம் “தேய்மானம்” என்ற சொல்லுக்கு இருக்கும் வலிமை வேறெந்த மருத்துவச் சொல்லுக்கும் இல்லை. ஸ்கேன் அறிக்கையில் அதைக் கண்டவுடன் எலும்பு மாவாக உதிர்வதுபோல ஒரு படம் மனத்தில் விழுந்துவிடுகிறது. அன்றிலிருந்து குனிவதில்லை, தூக்குவதில்லை. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் இருந்ததாகக் கண்டது. தலை நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றம் அது. எனவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, “என் படத்தில் உள்ளது என் வலிக்குக் காரணமா, என் வயதில் எல்லாருக்கும் இருப்பதா?” என்று நேராகக் கேளுங்கள். வலி இடம் மாறுகிறதா, விடுமுறையில் குறைகிறதா, மேலாளரின் அழைப்பு வந்ததும் கூடுகிறதா என்று இரண்டு வாரம் கவனித்து எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

வலி என்பது காயத்தின் அளவுகோல் அன்று. ஆபத்து இருக்கிறதா என்று மூளை போடும் கணக்கின் விடை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில்வரை அலகு குத்திக் காவடி சுமக்கும் ஒருவர், அடுத்த வாரமே பலதுறை மருந்தகத்தில் ஒரு தடுப்பூசிக்கு முகம் சுளிக்கக்கூடும். விரதமும் வேண்டுதலும் சுற்றி நடக்கும் உறவினரின் குரலும் ஒரு கணக்கைத் தருகின்றன. வெள்ளை அறையும் ஊசியும் வேறொரு கணக்கைத் தருகின்றன. நாள்பட்ட வலியில் இந்தக் கணக்கு எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்து நின்றுவிடுகிறது; நரம்பு மண்டலம் கூர்மையாகி, சாதாரண அசைவையும் ஆபத்தாக வாசிக்கிறது. அப்படிப் பழகியதை, பொறுமை இருந்தால், பெருமளவு வேறுவிதமாகப் பழக்க முடியும்.

கோடாலித் தைலம் தேய்ப்பதால் வலி குறைவதும் பொய் அன்று. தொடுதலும் தேய்த்தலும் தரும் உணர்வுகள், வலிச் செய்தி தண்டுவடத்தைக் கடக்கும் இடத்திலேயே அதை மட்டுப்படுத்தக்கூடும் என்று மெல்ஸாக், வால் என்னும் இருவர் 1965-இல் விளக்கினார்கள். தைலத்தைத் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பத்து நிமிடப் பயிற்சி

வலி உச்சத்தில் இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம். நடுத்தரமாக இருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதுகு சாய்ந்திருக்கும்படி அமர்ந்து, மனத்திற்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறு மூச்சு வரும். தலை சுற்றினால் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இழுப்பதைவிட விடுவது நீண்டிருப்பதுதான் முக்கியம். இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்புகள் அப்போதுதான் கூடுதலாக வேலை செய்கின்றன.

ஐந்து நிமிடம் கழித்து, கவனத்தை வலியின் பக்கம் திருப்புங்கள். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, வலியை விரட்டுவதற்காகப் பார்ப்பது. அப்படிப் பார்க்காமல், புதிதாக ஒரு பொருளைக் கண்ட குழந்தை பார்ப்பதுபோலப் பாருங்கள். அது சூடாக இருக்கிறதா, இழுக்கிறதா, குத்துகிறதா? ஓரம் எங்கே முடிகிறது? ஐந்து காசு அளவா, உள்ளங்கை அளவா? பார்க்கப் பார்க்க இடம் மாறுகிறதா? நடுவே, “இது எச்சரிக்கை மணி; என் முதுகு பத்திரமாக இருக்கிறது” என்று சொல்லிக்கொள்ளுங்கள். வலி கூடினாலும் குறைந்தாலும் அதை வெற்றி தோல்வியாக எண்ணாமல், ஐந்து நிமிடம் ஆனதும் எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சராசரியாகப் பத்து ஆண்டுகள் முதுகுவலியோடு வாழ்ந்த 151 பேரைக் கொண்டு நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இத்தகைய பயிற்சியை மையமாகக் கொண்ட சிகிச்சையை நான்கு வாரம் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் வலி இல்லாத அல்லது ஏறக்குறைய இல்லாத நிலைக்கு வந்தனர். ஒப்பீட்டுக்காக, மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து பெற்றவர்களில் அது 20 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10 விழுக்காடு. அந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களுக்குத் தேர்ச்சி பெற்ற சிகிச்சையாளர் உடனிருந்தார் என்பதையும், ஆய்வில் சேர்ந்தவர்களின் வலி பெரும்பாலும் மிதமானது என்பதையும் மறந்துவிடக் கூடாது. முடக்குவாதம், நரம்புச் சேதம், புற்றுநோய் போன்ற தெளிவான காரணம் உள்ள வலிக்கு இந்த எண்ணிக்கையைப் பொருத்திப் பார்க்கவும் கூடாது. அங்கே இப்பயிற்சி மருந்துக்குத் துணை மட்டுமே. தியானத்தையும் மென்மையான யோகத்தையும் இணைத்த எட்டு வாரப் பயிற்சியை 342 பேரிடம் சோதித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு மாதம் கழித்து அன்றாடச் செயல்பாட்டில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் 60.5 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் 44.1 விழுக்காடு. பெரிய அதிசயமல்ல, ஆனால் நம்பி இறங்கலாம்.

கழியைத் திரும்பத் தூக்கியது

அமர்ந்து மூச்சுவிடுவது பாதி வேலைதான். பயந்து விட்டுவிட்ட அசைவை மீண்டும் செய்து, ஒன்றும் ஆகவில்லை என்பதை உடல் தானே கண்டுகொண்டால்தான் கணக்கு மாறும். நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது: வலி குறைந்த ஒரு நாளில் தீபாவளிக்கு மொத்த வீட்டையும் கழுவித் துடைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடந்து, “பார்த்தாயா, வேலை செய்தாலே வலிக்கிறது” என்று முடிவு கட்டுவது.

அதற்குப் பதிலாக ஓர் அளவை நிர்ணயியுங்கள். நடை என்றால், வலி மிகாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று மூன்று நாள் பாருங்கள். 10, 14, 6 நிமிடம் என்றால் சராசரி 10. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 8 நிமிடம், உங்கள் தொடக்க அளவு. நல்ல நாளிலும் 8 நிமிடம்தான், மோசமான நாளிலும் கூடியவரை 8 நிமிடம்தான். நிற்க வேண்டிய நேரத்தைக் கடிகாரம் சொல்ல வேண்டும், வலி சொல்லக் கூடாது. வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தையோ கூரை போட்ட நடைபாதையையோ சுற்றினால் வெயிலும் மழையும் சாக்காகாது.

நான் வெறும் கழியில் தொடங்கினேன். முதல் வாரம் அதை எடுத்துச் சன்னல்வரை கொண்டுபோய்த் திரும்பச் சாய்த்து வைத்தேன். துணி எதுவும் இல்லை. பிறகு இரண்டு கைத்துண்டு, பிறகு நான்கு சட்டை. தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பது எனக்கே தெரியாத பழக்கமாக இருந்தது. என் மகள்தான் பார்த்துச் சொன்னாள். மூச்சை விட்டுக்கொண்டே தூக்கியபோது அதே எடை வேறு எடையாக இருந்தது. போர்வைக்கு வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. உங்கள் அசைவு தரையில் அமர்ந்து எழுவதாக இருக்கலாம், கோயிலில் விழுந்து வணங்குவதாக இருக்கலாம். ஏணியின் படிகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூட்டுத் தேய்வோ அறுவை சிகிச்சையோ இருந்தால் இயன்முறைச் சிகிச்சையாளரிடம் அந்த ஏணியைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வலிக்கு நாள்தோறும் மதிப்பெண் போடும் குறிப்பேடு, காரணத்தைத் தேடும் அந்த இரண்டு வாரம் தவிர, எனக்குப் பிடிக்காது. மணிக்கொரு முறை வலிக்கிறதா என்று பார்ப்பவருக்கு வலிக்கத்தான் செய்யும். என்ன செய்தேன், எத்தனை நிமிடம் செய்தேன் என்று மட்டும் எழுதுங்கள்.

தூக்கம், வீட்டார், மருந்து

சரியாகத் தூங்காத மறுநாள் வலி கூடுவது அனைவரும் அறிந்ததே. எழும் நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பதும், தூக்கம் வராவிட்டால் படுக்கையில் கைப்பேசியோடு கிடக்காமல் எழுந்து சென்று அமர்வதும் முதல் படி. இரவு வேலை செய்பவர்கள் அறையை இருட்டாக்கிக்கொண்டாவது ஒரே நேரத்தில் உறங்க முயல வேண்டும்.

வீட்டாரின் அன்பு சில வேளை தடையாகிவிடும். “அம்மா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்” என்று மகள் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டால், தன் உடல் நொறுங்கக்கூடியது என்ற எண்ணமே அம்மாவிடம் உறுதிப்படும். “இன்னிக்கு எத்தனை நிமிஷம்மா நடந்தீங்க?” என்று கேட்பது “வலி எப்படி இருக்கு?” என்று கேட்பதைவிட உதவும். கேட்பதோடு நில்லாமல் கூடவே நடப்பது இன்னும் உதவும்.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவையும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்கப்பட வேண்டும். வலி மனத்தையே சாய்த்து, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற நினைப்பு வந்தால் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் நேரடித் தொலைபேசிச் சேவையை எந்நேரமும் அழைக்கலாம்.

வலி திரும்பும் நாள்

அது திரும்பும், பெரும்பாலும் நன்றாகிவிட்டது என்று நாலு பேரிடம் சொன்ன மறுநாள். அந்த நாளுக்கான திட்டத்தை நல்ல நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்துவிடுங்கள், ஏனெனில் வலிக்கும்போது யோசிக்க வராது. என் தாளில் நான்கு வரிகள்தான்: மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் உண்டா என்று ஒரு முறை மட்டும் பார்; சுடுநீர்ப் பையும் தைலமும் எடு; வலியைக் கவனிக்கும் பயிற்சியை இன்று விட்டுவிடு, மூச்சு மட்டும் போதும்; நடையைப் பாதியாக்கு, நிறுத்தாதே. போன மாதம் மழைக்காலத்தில் ஒரு நாள் அப்படித்தான் நான்கு நிமிடம் நடந்துவிட்டு வந்து, கழியில் இரண்டு கைத்துண்டுகளை மட்டும் கோத்து வெளியே நீட்டினேன். மற்ற துணிகள் வாளியில் காத்திருந்தன.