மோனோபாடில் பேன் ஷாட் குலுங்காமல் வந்தது இப்படித்தான்

கல்யாண வீடியோ எடுக்கும்போது மணமேடை ஓரத்தில் ட்ரைபாடு விரிக்க இடமே கிடைக்காது. அதனால் அடியில் மூன்று குட்டிக் கால்களும், திரவத்தால் மெத்தெனச் சுழலும் ஃப்ளூயிட் மூட்டும் உள்ள மோனோபாடுதான் (ஒற்றைத் தண்டு ஸ்டாண்டு) எனக்குத் துணை. ஆனால் நாதஸ்வரக்காரரிடமிருந்து மணமக்கள் பக்கம் கேமராவை மெல்லத் திருப்பி பேன் ஷாட் எடுத்தால், கிளம்பும்போது ஒரு வெட்டு, நிற்கும்போது ஒரு துள்ளல்.

மூட்டில் கோளாறோ என்று கேமராவைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். வழுவழுவென்று சுற்றியது. அப்புறம் லென்ஸில் உள்ள, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்தேன். பாதிக் குலுக்கல் அங்கேயே போய்விட்டது. நாம் திருப்புவதையும் கை நடுக்கமென்று எடுத்துக்கொண்டு அது எதிர்ப்பக்கம் இழுக்கிறது, எல்லை வந்ததும் சட்டென்று விட்டுவிடுகிறது. சில லென்ஸ்களில் பேனிங்குக்கென்று தனி மோடு உண்டு, அது இருந்தால் அணைக்கவே வேண்டாம்.

மீதிக் குலுக்கல், தண்டின் உச்சியில் கேமரா உட்காரும் ஹெட்டின் கைப்பிடியால் வந்தது. அதைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஒற்றைத் தண்டு சாய்கிறது, படத்தில் தரையும் சாய்கிறது. இப்போது கைப்பிடியை மேலும் கீழும் அசைக்க மட்டுமே வைத்திருக்கிறேன். திருப்புவதற்கு, தண்டை மார்பு உயரத்தில் பிடித்து அடி மூட்டிலேயே முழுதாகச் சுழற்றுகிறேன். ஒரு குட்டிக் காலைக் கட்டாயம் ஷூவால் மிதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பளபளப்பான மண்டபத் தரையில் அடிப்பாகமும் கூடவே வழுக்கும்.

வேகத்துக்கு ஒளிப்பதிவாளர்கள் சொல்லும் பழைய கணக்கே போதும்: ஒரு பொருள் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக 7 விநாடி.