கெட்டோ கதவு எரிந்த கதையில் நாம் விடும் பிழைகள்

"நெப்போலியன் வந்தார், கெட்டோ கதவுகள் உடைந்தன, இத்தாலிய யூதர்கள் விடுதலை அடைந்தார்கள்." பலரும் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். (கெட்டோ என்றால், யூதர்கள் அங்கேதான் வாழ வேண்டும் என்று கதவு போட்டு அடைத்த நகரப் பகுதி.) எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை.

அப்போது இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. ரோமில் 1555 முதல் யூதர்கள் கெட்டோவுக்குள் அடைபட்டிருந்தார்கள். துறைமுக நகரமான லிவோர்னோவில் கெட்டோவே இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே அங்கே நகராட்சியில் யூதப் பிரதிநிதி ஒருவருக்கு இடம் கிடைத்துவிட்டது. எந்த ஊர் என்று சொல்லாமல் "இத்தாலிய யூதர்" என்று பேசுவது முதல் தவறு.

அடுத்தது, விடுதலை வந்தது, வந்தபடியே நிலைத்தது என்று நினைப்பது. 1797 ஜூலை 10 அன்று வெனிஸில் கெட்டோ கதவுகளைப் பெயர்த்தெடுத்து, கெட்டோ சதுக்கத்திலேயே போட்டு எரித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் அடையாளமான சுதந்திர மரம் நட்டு, அதைச் சுற்றி ஆடினார்கள். சரி, அப்புறம்? அதே ஆண்டு அக்டோபரில் பிரான்ஸ் போட்ட ஒப்பந்தத்தில் வெனிஸ் ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. கதவுகள் திரும்பி வரவில்லை, சம உரிமையோ பறிபோனது. சியேனாவில் நடந்தது இன்னும் கொடுமை. 1799 ஜூன் 28 அன்று, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து "விவா மரியா" (மரியா வாழ்க) என்று முழங்கி வந்த கூட்டம் கெட்டோவுக்குள் புகுந்து 13 யூதர்களைக் கொன்றது. நகரின் பெரிய சதுக்கத்தில், வெட்டிய சுதந்திர மரத்தை விறகாக்கி மூட்டிய தீயில் அவர்களை எரித்தார்கள். பிரெஞ்சு ஆதரவாளர்கள் என்ற பழியை யூதர்கள் உயிரால் சுமந்தார்கள்.

மூன்றாவது தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: அரசாணைகளைப் படித்துவிட்டு, அந்த மக்களின் நாட்காட்டியைப் பார்க்காமல் விடுவது. எஸ்தர் அரசியால் யூதர்கள் அழிவிலிருந்து தப்பிய கதையைக் கொண்டாடும் பூரீம் பண்டிகை எல்லா யூதர்களுக்கும் பொது. அதோடு, தங்கள் ஊர் ஆபத்திலிருந்து தப்பிய நாளையும் ஒரு பூரீமாகவே கொண்டாடுவது பல இத்தாலிய ஊர்களின் வழக்கம். ரோமில் அப்படிப்பட்ட நாளுக்கு "மோயெத் தி பியோம்போ", அதாவது ஈயத்தின் திருநாள், என்று பெயர். 1793 ஜனவரியில் பிரெஞ்சுத் தூதர் பாஸ்வில் ரோமில் கொல்லப்பட்டார். அதே பிரெஞ்சு எதிர்ப்பு வெறியோடு ஒரு கும்பல் கெட்டோவைக் கொளுத்த வந்தது. வானம் ஈய நிறத்தில் இருண்டது. கொட்டிய மழையில் தீ அணைந்தது.

ரோம் யூதர்களுக்குக் குடியுரிமை தருவதாக பிரெஞ்சுக்காரர்கள் அறிவித்தது 1798-இல். அந்த யூதர்கள் இன்றும் நினைவுகூர்வதோ அந்த மழை பெய்த நாளை.