கடற்படையில் இருந்த அப்பாவின் வாழ்க்கையை எழுத உட்காரும்போது

அப்பா காலமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்க எனக்கு மனசு வந்தது. பேரப்பிள்ளைகளுக்காக அவர் கதையை எழுதி வைக்க ஆசை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்து மறைந்திருந்தால், கேள்விப்பட்டதை வைத்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன்.

"அண்ணன் கராச்சியை அடிக்கப் போன கப்பல்ல இருந்தாரு" என்று 1971 பாகிஸ்தான் போரைப் பற்றிச் சித்தப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நாலு பக்கம் எழுதியும்விட்டேன். பிறகு பதக்கங்களைப் பார்த்தால் பூர்வி ஸ்டார் இருக்கிறது, பஷ்சிமி ஸ்டார் இல்லை. இரண்டும் அந்தப் போருக்குக் கொடுத்த பதக்கங்கள். பூர்வி என்றால் கிழக்கு, பஷ்சிமி என்றால் மேற்கு; கராச்சி மேற்கே இருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன்: ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பல், பாய்லரைக் கவனிக்கும் ஸ்டோக்கர் வேலை. 1971 டிசம்பரில் விக்ராந்த் வங்காள விரிகுடாவில் இருந்தது. நாலு பக்கத்தையும் கிழித்தேன்.

ஆகவே முதலில் சர்வீஸ் புத்தகம். எந்தக் கப்பல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். பக்கத்திலேயே வீட்டு விஷயங்கள்: கல்யாணம், பிள்ளை பிறந்தது, தாத்தா இறந்தது. நான் பிறந்தபோது அப்பா கடலில் இருந்தார் என்பது அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. பதக்கத்தின் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் படியுங்கள். பாலிஷ் மட்டும் போடவே போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். போட்டோக்களின் பின்பக்கம் பேனா வேண்டாம், பென்சில்.

அடுத்து, கூட வேலை பார்த்தவர்கள். யாராவது இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள், எல்லோருக்கும் வயசாகிவிட்டது. போரைப் பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் தெரிந்ததையே சொல்வார்கள். வேலையைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வாட்ச் டூட்டி, எங்கே தூங்கினீர்கள், கை எதில் சுட்டது என்று கேளுங்கள்.

அப்பாவோடு பாய்லர் ரூமில் இருந்த மாமா ஒருவரிடம் அப்படித்தான் கேட்டேன். விக்ராந்தின் நாலு பாய்லரில் ஒன்றில் விரிசல். மற்ற மூன்றை வைத்தே போருக்குப் போனார்கள். மேல்தளத்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கும் சிட்டகாங்குக்கும் பறந்தபோது, கீழே இவர்கள் கண் அழுத்தம் காட்டும் கேஜை விட்டு நகரவில்லையாம். "வெளியே பகலா ராத்திரியான்னு தெரியாதும்மா. ஃபேன் சத்தத்துல காதுல கத்தினாத்தான் கேக்கும். உங்கப்பாவுக்கு இடது காது அப்பவே மந்தம்" என்றார்.

டி.வி.யைச் சத்தமாக வைக்கிறார் என்று அப்பாவை எத்தனையோ நாள் கடிந்துகொண்டிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடக் காரணம் சொன்னதில்லை. மாமா சொன்ன அந்த வரியைத்தான் முதல் பக்கத்தில் வைத்தேன்.

எழுதி முடித்ததை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். தேதி எல்லாம் சரியாக இருந்தும், என் அம்மா ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். "லீவு முடிஞ்சு கிளம்பறப்போ திரும்பிப் பார்க்க மாட்டாரு. அதையும் எழுது."